பெயரை எடுக்க வந்தவன்

“என்ர பேரைச் சொல்லிக் குடுத்தவன் ஆரெண்டு மட்டும் தெரியட்டும், அப்பா. அவனை உள்ளுக்குப் போடாமல் விடமாட்டன்.”

காரை நிறுத்திய பிறகும் ராகுலன் ஸ்டியரிங்கை விடவில்லை. எதிரே இராணுவப் பொலிஸின் அலுவலகம், பெயர்ப்பலகைகூட இல்லாத சாம்பல் நிறக் கட்டடம். பெப்ரவரிப் பனி கீழ்த்தட்டு ஜன்னல்களைப் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது.

பக்கத்தில் தில்லையம்பலம் சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாதவர் போலத் தடவிக்கொண்டிருந்தார். “விடு தம்பி. ஒரு பெட்டி துவக்கு ரவைக்கு மூண்டு வருசமா ஃபைலைத் தூக்கிக்கொண்டு திரிவினமே? தாங்களா மறந்துபோவினம்.”

“மறக்கேல்லை அப்பா. அதுதானே பிரச்சினை.”

ராகுலன் ரிசர்வ் படையில் சேர்ந்தது பதினெட்டு வயதில். அம்மாவையும் அண்ணன் அன்புராசாவையும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஷெல்லுக்குக் குடுத்துவிட்டு இவனோடு மட்டும் கனடாவுக்கு வந்த மனிசன், இளையவன் சீருடையோடு வீட்டு வாசலில் நின்றபோது குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொண்ணூற்று நாலில், போர் நடந்துகொண்டிருந்த பொஸ்னியாவுக்குப் போக அவனுடைய படைப்பிரிவிலிருந்து ஒன்பது பேரைத் தெரிவு செய்தார்கள். அவனும் ஒருவன். புறப்பட ஆறு நாள் இருக்கும்போது, ‘உன் பெயர் குற்ற விசாரணைப் பதிவில் ஏறியிருக்கிறது, நீ போக முடியாது’ என்று நிறுத்திவிட்டார்கள்.

வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. பெயர் மட்டும் அங்கேயே கிடந்தது. போன வருடம் பொலிஸ் வேலைக்கு எழுதிப்போட்டபோது அது எழும்பி வந்து குறுக்கே நின்றது. நீக்கச் சொல்லி நாலு தரம் கடிதம் எழுதினான். இன்றைக்குத்தான் நேரில் கூப்பிட்டிருந்தார்கள்.

கட்டடத்துக்குள் ஓர் அறை வாசலில் நீள மர இருக்கை ஒன்று கிடந்தது. “நீங்கள் இந்த வாங்கில இருங்கோ அப்பா. உள்ளுக்கு விடமாட்டினம்.”

தில்லையம்பலம் மகனின் கையைப் பிடித்தார். “பேர் கிடந்தால் கிடக்கட்டும். வா, வீட்டை போவம்.”

ராகுலன் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனான்.

ஜன்னல் இல்லாத அறை. சார்ஜன்ட் பெண்மணி ஃபைலைத் திறந்து, தலை நிமிராமலே ஆங்கிலத்தில் சொன்னார். “ஆயுதக் கிடங்கிலிருந்து நீங்கள் ஒரு பெட்டி துப்பாக்கி ரவை எடுத்ததாகத் தகவல் வந்தது. எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை. ஆனால் தகவல் பொய் என்றும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை.”

“என்ன குற்றமென்றே இவ்வளவு நாளும் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை,” என்றான் ராகுலன். “சொன்னது யார்?”

“பெயர் சொல்லாமல் வந்த தொலைபேசி அழைப்பு. டேப்பில் இருக்கிறது. குரல் யாருடையது என்று காட்டுங்கள். பொய்த் தகவல் கொடுத்ததற்காக அவரைக் கைது செய்வோம். உங்கள் பெயரை இன்றைக்கே எடுத்துவிடலாம்.” ஒரு படிவத்தை அவன் முன்னால் தள்ளினார். அவனுடைய பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. கையெழுத்து விழ வேண்டியதுதான் பாக்கி.

டேப் ஓடத் தொடங்கியது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுகிற ஒரு ஆணின் குரல், தடுமாறுகிற ஆங்கிலத்தில். அவன் ரவை களவெடுத்தவன். அவனை நம்பவேண்டாம். எங்கேயும் அனுப்பவேண்டாம்.

தன்னோடு கோபமானவர்கள் எல்லாரையும் ராகுலன் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். ஒருவருடைய குரலும் பொருந்தவில்லை.

“இன்னும் கொஞ்சம் இருக்கிறது,” என்றார் சார்ஜன்ட். “ரிசீவரை வைக்கும் முன் என்னவோ முணுமுணுக்கிறார். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. உங்கள் மொழியோ பாருங்கள்.”

துணி விலகியிருக்க வேண்டும். குரல் தெளிந்து வந்தது.

“முருகா, எனக்கு மிஞ்சினது உவன் ஒருத்தன்தான்.”

டேப் நின்றது. ராகுலன் மேசையில் வைத்த கையை எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே, வாங்கில் தில்லையம்பலம் தொண்டையைச் செருமுவது கேட்டது.

சார்ஜன்ட் பேனையைத் திறந்தார். “தெரிந்த குரலா? என்ன சொல்கிறார்?”

ராகுலன் படிவத்தைப் பார்த்தான். பிறகு அதை மெல்ல அவர் பக்கமே தள்ளிவைத்தான்.

“அது தமிழில்லை, மேடம்.”