அக்கரையில் ஒரு வெள்ளைக் கார்

திராட்சைத் தோட்டத்து வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் ஜெபஷீலா முல்லையாற்றங்கரையில் நிற்கிறாள். மேப் எப்போதும் ஆட்களை அக்கரையில்தான் கொண்டுபோய் விடும். முன்பெல்லாம் அவள் போன் போட்டு வழி சொல்லிவிடுவாள். இப்போது புக்கிங் ஆப் வருகிறவர்களின் நம்பரையே காட்டுவதில்லை. ஆப்பில் அவள் அனுப்பிய செய்தியை இன்று வரவேண்டியவர்கள் இன்னும் திறக்கவில்லை. முந்தாநாள் வந்தவர்கள், அப்படியொரு வீடே இல்லையென்று ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்கால வெயில் தண்ணீரில் மினுங்க, அக்கரையில் வெள்ளைக் கார் வந்து நிற்கிறது. "பாலத்து வழியா சுத்தி வாங்க! வீடு இங்கனதான் இருக்கு!" கையை வீசி வீசிக் கத்துகிறாள். ஆற்றின் இரைச்சல் குரலை விழுங்குகிறது. கார்க் கண்ணாடி இறங்குகிறது. பின்சீட்டுக் குழந்தை சிரித்துக்கொண்டே அவளுக்கு டாட்டா காட்டுகிறது. கார் திரும்பிப் போகிறது. ஜெபஷீலாவின் கையும் பதிலுக்கு டாட்டா காட்டுவதுபோலவே ஆடிக்கொண்டிருக்கிறது.