ஆள் இருக்கும் வீடு

திருடனுக்குப் பயந்துதான் அந்த வசதியை வாங்கினார்கள். ஆள் இல்லாதபோது ஆள் இருப்பதுபோலவே வீடு சத்தம் போடும். குக்கர் விசில் அடிக்கும், மிக்சி ஓடும், புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கூட அவரவர் குரலிலேயே கேட்கும். வீட்டுக்காரர்கள் உள்ளே காலெடுத்து வைத்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

ஞானசேகரன் ஆபீஸிலிருந்து வந்து, வழக்கம்போலக் கதவைத் திறக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்தார். உள்ளே தமயந்தி அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"சரி, எடுக்கறேன் விடு" என்றது உள்ளிருந்து அவருடைய குரல். வெளியே அவர் உதடும் அதையே முணுமுணுத்தது.

குப்பைக்கூடையோடு வெளியே வந்த எதிர்வீட்டு ஷாகிரா தயங்கி நின்றாள்.

"அண்ணே, அக்கா தவறி மாசக்கணக்காச்சு. இதக் கேட்டா எங்களுக்கே மனசு என்னமோ பண்ணுது. நிறுத்திடுங்களேன்."

"நிறுத்தறது சுலபம்மா. நான் உள்ள போனாலே நின்னுடும்."

அவள் குப்பைக்கூடையோடு படியிறங்கிப் போனாள்.

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "வந்து சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்று தமயந்தி கூப்பிட்டாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.