கைராசி

"எல்லாம் என் கைராசி!"

மொட்டை மாடிப் பசுமைக்குடிலில் பறித்த தக்காளியைக் குடித்தனக்காரர்களுக்குக் கொடுக்கும்போதெல்லாம் வீட்டு ஓனர் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

ஒரு நாள் காலையில், கீழ்வீட்டு டெய்லர் கையை மூடியபடி குடிலிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துவிட்டார். மறுநாளும் அதே கதை.

"அவர் பறிச்சதைப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"அதை வேற பார்க்கணுமா? மூடின கைக்குள்ள பின்னே என்ன இருக்கும்?"

அன்றே குடிலுக்குப் பூட்டுப் போட்டார். "கீழ்வீட்டு ஆள்கிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்லியும் வைத்தார். அதன் பிறகு டெய்லரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றே வாரத்தில் பன்னிரண்டு தொட்டியிலும் பூவெல்லாம் கொட்டிப் போனது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

ஓனர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது டெய்லர் வாசலில் வந்து நின்றார். கையில், தையல் மெஷின் துடைக்கிற சின்ன பிரஷ்.

"தப்பா நினைக்காதீங்க சார். மூடின குடிலுக்குள்ள காத்தும் வராது, தேனீயும் வராது. இதால ஒவ்வொரு பூவையும் தொட்டு விட்டாத்தான் காய் பிடிக்கும். தினமும் நான்தான் செஞ்சிட்டிருந்தேன். இப்ப பூட்டு இருக்கு. இனி நீங்களே செஞ்சுக்குங்க."

"இதை... முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"கைராசின்னு அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டிருந்தீங்க. எப்படி சார் சொல்றது?"

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "யாருங்க வந்திருக்கிறது?"

"கைராசிக்காரர்" என்றார், குனிந்த தலை நிமிராமல்.