ராக்குவின் கையில் பட்டை

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது தவசிப்பாண்டியின் மணிக்கட்டில் இதயத்தையும் ரத்தத்தையும் கண்காணிக்கும் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். ஒரு வாய் பரோட்டா தின்றாலும் அது நர்ஸ் ஜெசிந்தாவிடம் போட்டுக்கொடுத்துவிடும். அதனால் இன்று, "கொஞ்ச நேரம் போட்டிரு" என்று அதை மனைவி ராக்குவின் கையில் மாட்டிவிட்டு, எதிர்க் கடைக்கு நழுவினார்.

இலையில் சால்னா ஊற்றும்போது போன் அடித்தது.

"ஐயா, பட்டை யார் கையில இருக்கு?" ஜெசிந்தாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"வீட்டுக்காரி கையில, சிஸ்டர்..."

"அவங்க நெஞ்சு உங்களோடதைவிட மோசமா இருக்கு. ஆம்புலன்ஸ் அனுப்பிட்டேன். அவங்களை அசையாம உட்கார வைங்க."

நிமிர்ந்து பார்த்தார். அவர் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளே தூக்கிவரும் தண்ணீர் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ராக்கு எதிரே வீட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.