கிளிக்குத் தெரிந்த ஒரே சொல்

துறைமுக டீக்கடையில் தொங்கிய கூண்டுக்கிளிக்கு மனிதர் பேச்சில் தெரிந்தது "மா" என்ற ஒரு சொல்தான். இத்தாலிய மாலுமிக்கு அது 'ஆனால்'. "சரி, மேலே சொல்லேன்" என்று காத்திருப்பான். சீனச் சமையல்காரருக்கு அது குதிரை. கனைத்துக் காட்டிவிட்டுப் போவார். வங்காளி நிதாய்க்கு அது அம்மா. கப்பல் ஏறுமுன் கூண்டைத் தொட்டுக் கும்பிடுவான்.

"உண்மையில நீ என்னடா சொல்ல வந்தே?" என்று கேட்டது கூரைமேல் இருந்த காகம்.

"மாம்பழம் கேக்கத்தான் ஆரம்பிச்சேன், அண்ணே. பாதிதான் வாயில வந்துச்சு."

காகம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஒரு பழத்துக்கா அவன் கும்பிடு போடுறான்? நல்ல ஏமாத்துக்காரன்டா நீ!"

கிளிக்கு அது உறைத்தது. அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

பல நாள் கழித்து நிதாய் வந்தான். ஊரில் அம்மாவின் காரியங்களை முடித்து, தலையை மழித்திருந்தான். கூண்டின் முன் நின்றான். கிளி பேசவில்லை. கப்பலின் சங்கு இரண்டு முறை ஊதியது. அவன் நகரவில்லை.

"மறுபடியும் ஏமாத்தாதே" என்றது காகம்.

கிளி அவன் முகத்தையே பார்த்தது. பிறகு மெதுவாக, "மா" என்றது.

அப்போது அதன் நினைவில் பழம் இல்லை.