சகாயராணி கழற்றிய வளையங்கள்

2061ஆம் ஆண்டு ஆவணி ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தூத்துக்குடி நீதிமன்றத்தில், காது கேளாத உப்பளத் தொழிலாளி இசக்கிமுத்து சாட்சிக் கூண்டில் ஏறினார். கேள்விகளை அவருக்குச் சைகையில் சொல்பவர் சகாயராணி. நாள்பட்ட கல்லீரல் நோயால் அவருடைய கைகள் தாமாகவே துடிக்கும். அதை அடக்கும் மணிக்கட்டு வளையங்களின்றிப் பணியாற்றினால் வேலை போய்விடும் என்பது விதி.

இசக்கிமுத்து முகம் சுளித்துச் சைகையில் கேட்டார்: "என்ன தாயி, உப்பில்லாத கஞ்சி மாதிரி பேசுதிய? கேக்கியளா, அதட்டுதியளான்னே தெரியலயே!"

துடிப்போடு, கைகள் சைகையில் காட்டும் உணர்ச்சியையும் வளையங்கள் அடக்கியிருந்தன. சாட்சி கேள்வியைத் தவறாக விளங்கிக்கொண்டால் குற்றமற்றவர் ஒருவர் சிறைக்குப் போக நேரலாம். சகாயராணி வளையங்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கைகள் படபடத்தன.

"விதி தெரியுமில்லம்மா?" என்றார் நீதிபதி.

"தெரியும் ஐயா. அவருக்குப் புரியணும்லா."

இருமுபவர் இருமி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல, இசக்கிமுத்து ஒவ்வொரு துடிப்புக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். கேள்விகளில் வந்த இடங்களையெல்லாம் முன்னால் விரித்திருந்த உப்பள வரைபடத்தில் பிசகாமல் தொட்டுக் காட்டினார்.

வளையம் அணிவதா வேண்டாமா என்பதைச் சகாயராணியே முடிவு செய்யலாம் என்றும், அவர் பணியில் தொடர்வார் என்றும் அன்று மாலை நீதிபதி உத்தரவிட்டார்.