இடம் மாறிய இறுதிப் போட்டி

கூடைப்பந்தில் ஜெயித்த கேப்டன் ஸஹானா, உடைமாற்றும் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"கதவைத் தொற ஸஹானா. கோப்பை வாங்க கேப்டனைக் கூப்பிடுறாங்க," என்றார் பயிற்சியாளர் கிளாடிஸ்.

"நான் வரல மிஸ். பயமா இருக்கு."

"ஃபைனல்ல வராத பயம் இப்ப என்னம்மா?"

உள்ளிருந்து விசும்பல்தான் கேட்டது.

பெண்கள் அரை டிராயர் போட்டுக்கொண்டு பொது இடத்தில் விளையாடக் கூடாது என்று வேறொரு மாநிலத்தில் சட்டம் வந்தது. அதனால் அங்கே நடக்கவிருந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டி அடையாறுக்கு மாறியது. மாற்றியே தீர வேண்டும் என்று போராடிய வக்கீல் ராகவேந்திரன்தான் இன்று சிறப்பு விருந்தினர்; கோப்பை கொடுக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

ஒலிபெருக்கியில் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"பெண்கள் எதை உடுத்தி விளையாட வேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது."

வெளியே கைதட்டல் அடங்கவே இல்லை.

"கேட்டியா? அவ்ளோ நல்ல மனுஷன் கையால வாங்கப் போற. எதுக்கு அழற?"

கதவு மெல்லத் திறந்தது. ஸஹானா இடுப்பிலிருந்து முழங்கால் வரை துண்டைச் சுற்றியிருந்தாள்.

"அவர் எங்கப்பா மிஸ். நான் பாட்டு கிளாஸ்ல இருக்கேன்னு நெனச்சிண்டிருக்கார். இந்த டிரஸ்ஸோட பார்த்தார்னா, நாளைலேர்ந்து காலேஜே கிடையாதுன்னுடுவார்."